கடிக்கிற பட்டன்

செருப்பு கடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கரண்டி கடிக்கும், பேனா கடிக்கும், பஸ் கம்பி கடிக்கும் என்று சொன்ன ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் மண்ணை அச்சில் அமுக்கும் பிரஸ் ஓட்டியவர். பிரஸ்ஸக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அந்தப் பெயருக்கு நேராகக் குறி போட்டவனே நான்தான். அதை இங்கே எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை, விட்டுவிடுகிறேன்.

கையில் எதைக் கொடுத்தாலும் அக்கா உடனே பயன்படுத்த மாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கட்டைவிரலால் ஓரத்தையெல்லாம் தடவுவார். "இது எங்க கடிக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வேலை. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் உட்கார்ந்தபடியே பரிமாறுகிறவனின் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பிடித்து நிறுத்திவிட்டார். "கம்பி உள்ளங்கைய அறுக்குது பாரு. துணி சுத்துடா மொதல்ல" என்றார். பின்னால் வரிசையாக இலைகள் காத்துக்கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். அக்கா தன் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சாதத்தில் கை வைத்தார்.

இந்தக் குணத்தால் அவர்மேல் எரிச்சல் பட்டவர்கள் அதிகம். என் மனைவியும் ஒருத்தி. "பிரஸ்ஸக்கா நம்ம வூட்டுக்கு வந்தா ஒரு சாமானும் தப்பிக்காது" என்பாள். அரிவாள்மனையில் தொடங்கி பால் குக்கர் வரைக்கும் அக்கா குறை சொல்லாத பாத்திரம் எங்கள் சமையலறையில் இல்லை. ஆனால் அவர் துணி சுற்றிக் கொடுத்த தோசைத்திருப்பியைத்தான் அவள் கடைசிவரை வைத்திருந்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் செராமிக் டிப்ளமோ முடித்தவன். விருத்தாசலத்தில் அந்தப் படிப்பு படித்தவனுக்குத் தொழிற்பேட்டைதான் கதி. பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்த இடம். அக்கா குடியிருந்தது எங்கள் பக்கத்து வீடு. அவர் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டு நல்லூர், வேப்பூர் என்று ஊர் ஊராகப் போகிறவர். பிள்ளை குட்டி இல்லை. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அக்காவுக்கு நான் "சார்". ஐந்து மணிக்குச் சங்கு ஊதி, தெருவுக்குள் கால் வைத்ததும் "தம்பி". சாருக்கு "வாங்க, போங்க". தம்பிக்கு "வா, போ". ஒரு நாளும் இதை அவர் மாற்றிச் சொன்னதில்லை. ஐந்து மணி ஆனால் என் மரியாதை இறங்கிவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

சம்பளம் பற்றாத காலம். முன் அறையில் வீடியோ கேம் கடை போட்டேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சென்னைக்குப் போய் செகண்ட் ஹேண்டில் இரண்டு கேம் பெட்டிகளும் இரண்டு பழைய டிவிகளும் வாங்கி வந்தேன். பகலில் மனைவி பார்த்துக்கொள்வாள், ஐந்து மணிக்கு மேல் நான். கையில் பிடித்து விளையாடும் கருவியை எங்கள் ஊரில் யாரும் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிமோட்டு என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அக்கா வீட்டில் ஒழுகுகிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்கிறாரே என்று ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். டிவியில் கார்கள் பறந்துகொண்டிருந்தன. அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. ரிமோட்டைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், பிடிக்கிற இரண்டு கொம்புகளையும் உள்ளங்கையில் பொருத்திப் பார்த்தார்.

"பெரிய கைக்காரன் செஞ்சது தம்பி. எனக்குக் கொம்பு கையில நிக்கல, கட்டவெரலு எட்டிப் போவுது. அடியில இந்த மேடு பாரு, அர மணி நேரத்துல கடிக்கும்."

"அதெல்லாம் ஆடுறவங்களுக்குப் பழகிடும்க்கா."

"பழகாது. மரத்துப் போவும். ரெண்டும் வேற."

அப்புறம் வலது பக்கம் இருந்த நான்கு பட்டன்களைப் பார்த்தார். முக்கோணம், சதுரம், வட்டம், பெருக்கல் குறி. எதற்கு எது என்று கேட்டார். ஆட்டத்தில் சரி என்று சொல்ல பெருக்கல் குறியை அமுக்க வேண்டும், வேண்டாம் என்றால் வட்டம் என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "தப்புப் போட்டா சரிங்கிறான், முட்டை போட்டா வேணாங்கிறான். எந்த ஸ்கூல்ல படிச்சான் இவன்?"

வேடிக்கை என்னவென்றால், என்னிடமிருந்த இரண்டாவது பெட்டி வேறு நாட்டுக்காரர்களுக்காகச் செய்தது. அதில் வட்டம்தான் சரி, பெருக்கல்தான் வேண்டாம். ஒரே அறையில், ஒரே மாதிரி ரிமோட்டு, நேரெதிர் அர்த்தம். இதனால் தினமும் ஒரு சண்டை வரும். ஒரு நாள் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், ஒரு மாதமாக ஆடிச் சேர்த்து வைத்திருந்த ஆட்டத்தைத் தவறான பட்டனை அமுக்கி மொத்தமாக அழித்துவிட்டான். "அழிக்கட்டுமா?" என்று பெட்டி கேட்டது, வேண்டாம் என்று நினைத்து அமுக்கியிருக்கிறான். இந்தப் பெட்டியில் அது சரி. வளர்ந்த ஆள், தேம்பித் தேம்பி அழுதான். "என் கைதான் தப்பு" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டான்.

அக்கா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். "கை தப்பு இல்லடா. சாமான் தப்பு."

மறுநாள் குழாய் ஓட்டையை அடைக்கும் பசையை ஒரு பொட்டு கொண்டுவந்தார். முதல் பெட்டியின் ரிமோட்டுகளில் வட்டத்தின்மேலும், இரண்டாவது பெட்டியின் ரிமோட்டுகளில் பெருக்கலின்மேலும் கடுகளவு புள்ளி வைத்தார். சரி என்பதற்குத்தானே வைக்க வேண்டும் என்று கேட்டேன். "எது காப்பாத்துமோ அதுக்குத்தான் புள்ளி. கண்ணு டிவியில இருக்குது. வெரலு தேடுனா ஓடற வழி தட்டுப்படணும்" என்றார். அதோடு கடையில் சண்டை நின்றது.

அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை. கம்பெனியிலிருந்து ஈரமண் உருண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வாடிக்கையாக வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒன்று கொடுத்து, "ரிமோட்டப் புடிக்கிற மாதிரி புடி" என்பார். விரல் பதிந்த உருண்டைகளை ஜன்னலோரம் வரிசையாகக் காயவைப்பார். அதைப் பார்த்துப் பார்த்து, சைக்கிள் டியூபை நறுக்கிக் கொம்புகளில் சுற்றினார். அடி மேட்டை உப்புத்தாளால் தேய்த்தார். சின்னக் கை, பெரிய கை, இடதுகைக்காரன் என்று ரிமோட்டு பிரித்து வைத்தார். திட்டக்குடி பஸ்ஸில் வந்திறங்கி, "அக்கா போட்ட ரிமோட்டு ஃப்ரீயா இருக்குதாண்ணே?" என்று கேட்டவர்கள் உண்டு. கடை என்னுடையது, பேர் அவருடையது. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கூட இருந்தது.

உருண்டைகளைச் சூளையில் வைத்துச் சுட்டுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "சுட்டா சுருங்கிடும். அப்புறம் அது அவங்க கை இல்ல" என்றார். மண் வேலை செய்கிறவர் அல்லவா, தெரியாமல் இருக்குமா. என்னிடமும் ஓர் உருண்டை கொடுத்தார். பிடித்தேன். விரலிடுக்கில் மண் பிதுங்கி, நடுவில் சவ்வு மாதிரி ஆகிவிட்டது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இறுக்கிப் புடிக்கிற கை தம்பி. பயந்த கை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இத்தனை செய்தவர் ஒரு ஆட்டம் கூட முழுசாக ஆடியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும். கூடி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் ஆடுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழு மணிக்கு எழுந்து சோறாக்கப் போய்விடுவார்.

அந்த வருடம் கம்பெனிக்கு மோட்டார் பிரஸ் வந்தது. அதுவரை கைப்பிரஸ்தான். எண்ணெய் கலந்த மண்தூளை அச்சில் கொட்டி, கனத்த கைப்பிடியைச் சுற்றி இழுத்தால் பியூஸ் கட்டை பதியும். அந்தக் கைப்பிடியைப் பற்றி அக்கா வைக்காத குற்றச்சாட்டு இல்லை. புது மெஷினை இறக்கியதும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் பச்சைப் பட்டன் ஒவ்வொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். நடுவில் குடைக்காளான் போல பெரிய சிவப்புப் பட்டன். தட்டினால் நின்றுவிடும்.

அக்கா கட்டைவிரலால் எல்லாவற்றையும் தடவினார். பிறகு சொன்னார்: "சார், இது கடிக்காது. ரெண்டு கையும் வெளிய இருந்தாத்தான் இறங்கும்னு வச்சிருக்கான். செஞ்சவன் கைய நெனச்சுச் செஞ்சிருக்கான்."

அவர் வாயிலிருந்து ஒரு சாமானைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் புகழ்ச்சி மூன்று வாரம் தாங்கியது. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கட்டையை எடுப்பது யார், தூளைக் கொட்டுவது யார், இது வேகமே இல்லையே என்றார் முதலாளி. எலெக்ட்ரீஷியன் வந்தான். இடது பச்சையைக் கழற்றினான். வலது பச்சை ஒன்றே போதும் என்று ஒயரை மாற்றினான். கை தட்டுப்பட்டு அடிக்கடி நிற்கிறது என்று நடுவிலிருந்த காளானையும் எடுத்துவிட்டு, பச்சைக்குப் பக்கத்திலேயே அதே அளவில் சின்னச் சிவப்பு ஒன்றைப் பொருத்தினான். ஒரு நாள் வேலை. எண்ணெய்க் கையால் நாலு நாள் அமுக்கியதும் பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாமல் இரண்டும் மண் நிறமாகிவிட்டன.

அக்கா என்னிடம் வந்தார்.

"சார், பழையபடி மாத்தச் சொல்லுங்க. கட்டை சிக்கிக்கினா செவப்ப அமுக்கிட்டு எடக்கையால எடுக்கிறோம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது. இது கடிக்கும் சார்."

"சொல்றேன்க்கா."

"எப்ப சொல்வீங்க?"

"முதலாளி மூடு பாத்துத்தான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. மூடு பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நாள் பொறுத்துவிட்டு அக்கா தானே பசையைக் கொண்டுவந்து சிவப்பின்மேல் ஒரு புள்ளி வைத்தார். எது காப்பாற்றுமோ அதற்கு. அதன் பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்தால் மெஷினுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நடப்பது போலிருக்கும். கண் அச்சில் இருக்கும், கட்டைவிரல் புள்ளியைத் தொடும், மெஷின் நிற்கும், இடது கை உள்ளே போய்க் கட்டையோடு வரும். கடையில் பையன்கள் ஆடுவதும் இப்படித்தான், பட்டனைப் பார்க்காமல்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு முதலாளி பிரஸ் பக்கம் வந்தார். வெளியூரிலிருந்து சரக்கு வாங்கும் பார்ட்டி வருவதாக இருந்தது. "என்னய்யா இது, புது மெஷின்ல பரு மாதிரி? அசிங்கமா இருக்குது. சுரண்டிப் போடு" என்றார். பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தேன். நான்தான் எடுத்தேன், வேறு யாரும் இல்லை. சுரண்டி, துணியால் துடைத்து, ஊதிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அக்கா வேலைக்கு வந்தார். சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரத்தில் நின்றிருந்தேன். சொன்னால் அக்கா பார்ட்டி முன்னால் சத்தம் போடுவார், ஏன் எடுத்தீங்க என்று கேட்பார், எனக்கு அவமானம். மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, "புள்ளி இல்லக்கா", அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் பார்ட்டிக்கு டீ சொல்லப் போனேன்.

பதினோரு மணி இருக்கும். ஒரு கட்டை சிக்கிக்கொண்டது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் தலை என் தோளில் கிடந்தது. இடது கையைத் துண்டில் சுற்றி நான் பிடித்திருந்தேன். அவர் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "புள்ளி தட்டுப்பட்டுச்சு சார். புள்ளியத்தான் அமுக்கினேன். புள்ளி தட்டுப்பட்டுச்சு." சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பி வந்து பட்டன்களைத் தடவிப் பார்த்தேன். பச்சையின்மேல் ஒரு துளி மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கடுகளவு. விரலுக்கு அது புள்ளியாகத்தான் தெரியும். அதையும் சுரண்டிப் போட்டேன், பிளேடு பாக்கெட்டிலேயே இருந்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. "மெஷின மாத்தினோம்னு எழுதினா ஆபீசருங்க வந்து பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. உனக்கும் வேலை இல்ல, எனக்கும் தொழில் இல்ல. அந்தம்மா தெனம் உன் கடையில வந்து கேம் ஆடுதாமே? கண்ணு அசந்திருக்கும். நீதான் சூப்பர்வைசரு, நீயே உன் கையால எழுதிக் குடு."

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். மேற்படி தொழிலாளி வேலை நேரத்துக்குப் பின் தினமும் வீடியோ கேம் விளையாடும் பழக்கம் உள்ளவர் என்றும், அதனால் உண்டான அயர்ச்சியில் கைத்தவறுதலாகப் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டார் என்றும் எழுதினேன். கைத்தவறுதல். எவ்வளவு சுத்தமான வார்த்தை. ஆபீஸ் தமிழில் அதைவிட்டால் வேறு வார்த்தையும் இல்லை. சாமான்தவறுதல் என்று யாரும் இதுவரை எழுதியதில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு காகிதத்தால் அக்காவுக்குச் சேர வேண்டிய எதுவும் சேரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கம்பெனி பார்த்துக்கொண்டது, அதுவும் தருமம் செய்கிற மாதிரி. பிரஸ்ஸுக்கு ஆகாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். மெஷினில் பழைய காளான் பட்டனைத் திரும்ப மாட்டினார்கள். அதை மட்டும் யாரும் சொல்லாமலே செய்தார்கள்.

இரண்டு மாதம் அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் அவர் வாசலைத் தாண்டும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போவேன். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள். என் மனைவி ரசம் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

பிறகு ஒரு சாயங்காலம் வந்தார். கட்டுப் பிரித்திருந்தது. கடையில் அப்போது யாரும் இல்லை. ஜன்னலோரம் அவர் வைத்த மண் உருண்டைகள் அப்படியே இருந்தன. அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். ஆபீசில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"எழுத்து யாருதுன்னு தெரியுது. படிச்சா நல்லா இருக்கும்."

படித்தேன். கேம் விளையாடும் பழக்கம் என்ற இடத்தில் அவர் டிவியைப் பார்த்தார். அணைந்திருந்த டிவி. கைத்தவறுதல் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அத இன்னொரு தடவ."

இன்னொரு தடவை படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "புள்ளிய எடுத்தது யாரு?" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அது. முதலாளி அங்கே இல்லை, பார்ட்டி இல்லை, ஆபீசர் இல்லை. எனக்கு எதிரே அவர் ஒருத்தர்தான்.

"தெரியலக்கா. கிளீன் பண்ணவங்க யாராவது எடுத்திருப்பாங்க" என்றேன்.

அக்கா மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்தார். அவருடைய சின்னக் கைக்கென்று அவரே டியூப் சுற்றிய ரிமோட்டு. வழக்கம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையில் அது நிற்கவில்லை, கொம்பு நழுவி நழுவிச் சரிந்தது. மடியில் வைத்துக்கொண்டார். வலது கட்டைவிரல் பட்டன்களின்மேல் மெதுவாகப் போனது. முக்கோணம், சதுரம், பெருக்கல். வட்டத்தில் வந்து நின்றது. அங்கே புள்ளி இருந்தது. அதை இரண்டு மூன்று தடவை தடவினார்.

"இங்க எடுக்கலீங்களா, சார்?" என்றார்.

மணி ஐந்தரை. நாங்கள் என் வீட்டுக்குள் இருந்தோம்.